டிக் அடிக்காத ஒரு கட்டம்

2005 ஜூலை. தென்காசியில் சாரல் பிடித்திருந்த நேரம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் பிரவுசிங் சென்டர். ஆறு சிஸ்டம், மணிக்கு 25 ரூபாய். ஜன்னல் வழியாகப் பார்த்தால் மேற்கே குற்றால மலை மேகத்தைப் போர்த்திக்கொண்டு நிற்கும். திரும்பி உள்ளே பார்த்தால் ஆறு திரையிலும் வேறொரு மலை. பச்சைப் புல்மேடு, நீல வானம், வெள்ளை மேகம். விண்டோஸ் எக்ஸ்பி-யின் பின்புலப் படம். சார்லஸ் ஓ'ரியர் என்ற புகைப்படக்காரர் 1996-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சோனோமா கவுண்டியில் எடுத்தது. அவ்வளவு அழகான மலை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அந்த அறையில் யாரும் அந்தப் படத்தை மாற்றியிருக்கவில்லை.

விடுமுறையில் வந்திருந்த நான் ஒரு தமிழ் வலைப்பதிவைத் திறந்தேன். எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தது. காரணம் எனக்குத் தெரியும். கடைக்காரரிடம் கேட்டேன்.

"அண்ணாச்சி, எக்ஸ்பி சிடி இருக்கா?"

"எதுக்கு தம்பி?"

"தமிழ் தெரியணும்னா ஒரு இடத்துல டிக் போடணும். போட்டா சிடி கேக்கும்."

"சிடியெல்லாம் சர்வீஸ்காரர்ட்ட இருக்கு. நல்லா ஓடிட்டு இருக்கு பாத்துக்கிடுங்க, அதுல கை வச்சிராதிய."

இருபது வருடம் ஆகிவிட்டது. மென்பொருள் வேலையில் இருந்துகொண்டு எத்தனையோ செட்டிங்ஸ் திரைகளை நானே எழுதியிருக்கிறேன். ஆனாலும் அந்த அண்ணாச்சி சொன்ன வாக்கியத்தை விடச் சுருக்கமாக இந்த விஷயத்தை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. 'நல்லா ஓடிட்டு இருக்கு, கை வச்சிராதிய.' டெஸ்க்டாப் கணினியின் தோற்றமும் அமைப்புகளும் வளர்ந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் இந்த வாக்கியம்தான் குறுக்கே வந்து நிற்கிறது. இந்தக் கட்டுரையும் அதைச் சுற்றித்தான்.

சொல்லிலிருந்து ஆரம்பிப்போம்

'டிஃபால்ட்' என்பதற்குத் தமிழில் இன்னும் ஒரே சொல் அமையவில்லை. முன்னிருப்பு, இயல்பிருப்பு, இயல்புநிலை, கொடாநிலை என்று பலவும் புழங்குகின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கத்தைப் பிடிக்கிறது. 'முன்னிருப்பு' என்றால் நீங்கள் வருவதற்கு முன்பே இருப்பது. 'கொடாநிலை' என்றால் நீங்கள் எதையும் கொடுக்காதபோது இருக்கும் நிலை. ஆங்கிலச் சொல்லின் பழைய பொருளுக்குப் பக்கத்தில் வருவது இந்த இரண்டாவதுதான். கடனைக் கட்டத் தவறுவதற்கும், வழக்கு நாளில் ஆஜராகாமல் போவதற்கும் அவர்கள் சொல்வதும் இதே சொல்தான். செய்ய வேண்டியவர் செய்யாமல் விட்டால் என்ன நடக்குமோ, அது.

எனக்கு 'இயல்பிருப்பு' பிடிக்கும். அதில் ஒரு சின்ன ஏமாற்று இருக்கிறது. இயல்பாக அமைந்தது என்று நினைக்க வைக்கும். கணினியில் எதுவும் இயல்பாக அமைவதில்லை. யாரோ ஒருவர் ஏதோ ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்து முடிவு செய்ததுதான் எல்லாம்.

வண்ணம் மாற்றும் உரிமை

கணினித் திரையின் தோற்றத்தைப் பயனர் மாற்றலாம் என்ற எண்ணம் ரொம்ப சீக்கிரமே வந்துவிட்டது. 1984-ல் வந்த முதல் மெக்கின்டாஷில், சூசன் கேர் வடிவமைத்த கன்ட்ரோல் பேனலில், 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட ஒரு குட்டிக் கட்டம் இருந்தது. அதில் புள்ளிகளைக் கறுப்பாக்கி வெள்ளையாக்கி உங்கள் மேசைப்பரப்புக்கு நீங்களே ஒரு கோலம் போட்டுக்கொள்ளலாம். கறுப்பு வெள்ளைத் திரையில் கிடைத்த முதல் 'தீம்' என்றே அதைச் சொல்லலாம்.

அடுத்த வருடம் வந்த அமிகா கணினியின் திரை நீலம், வெள்ளை, கறுப்பு, ஆரஞ்சு. பார்க்கக் கண்ணைக் குத்தும். அதற்கு ஒரு காரணம் இருந்தது. வீட்டில் இருக்கும் மங்கலான தொலைக்காட்சிப் பெட்டியில் இணைத்தாலும் எழுத்து தெரிய வேண்டும் என்று தேர்ந்தெடுத்த நிறங்கள் அவை. இயல்பிருப்பு என்பது அழகு பற்றிய முடிவு மட்டுமில்லை என்பதற்கு இது நல்ல உதாரணம். எல்லோரையும் விட மோசமான திரை வைத்திருப்பவரை மனதில் வைத்து எடுத்த முடிவு அது.

1992-ல் வந்த விண்டோஸ் 3.1-ல் வண்ணத் திட்டங்களின் பட்டியலே இருந்தது. அதில் 'ஹாட் டாக் ஸ்டாண்ட்' என்ற சிவப்பு மஞ்சள் திட்டம் அவலட்சணத்துக்கே பெயர் வாங்கியது. நாம் தேர்ந்தெடுத்த நிறங்களெல்லாம் வின்.இனி என்ற ஒரு சாதாரண உரைக்கோப்பில் வரி வரியாகப் போய் உட்காரும். 1995-ல் விண்டோஸ் 95-உடன் தனியாகக் காசு கொடுத்து வாங்கும் 'பிளஸ்!' தொகுப்பு வந்தது. பின்புலப்படம், சுட்டி, ஒலி, ஐகான் எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் மாற்றும் 'டெஸ்க்டாப் தீம்' அதில்தான் வந்தது. 1990-களின் கடைசியில் வினாம்ப் பாட்டுப் பெட்டிக்கு 'ஸ்கின்' போடாத கல்லூரி விடுதி உண்டா? பாட்டுக் கேட்ட நேரத்தை விட ஸ்கின் மாற்றிய நேரம் அதிகம் என்று எங்கள் விடுதியில் கேலி பேசுவோம்.

2001 அக்டோபரில் எக்ஸ்பி வந்தபோது தோற்றம் மொத்தமும் ஒரு தனி அடுக்காக மாறிவிட்டது. 'லூனா' என்று பெயர். நீலம், ஆலிவ் பச்சை, வெள்ளி என மூன்று நிறங்கள். ஆனால் ஒரு பூட்டு. மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட தீம் மட்டுமே ஏறும். மற்றதைப் போட வேண்டுமானால் தோற்றத்தைக் கவனிக்கும் கோப்பையே ஒட்டுப்போட்டு மாற்ற வேண்டும். ஆர்வமுள்ள பையன்கள் அதையும் செய்தார்கள்.

ஆக, 1984-லிருந்தே உரிமை இருந்தது. பயன்படுத்தினவர்கள்தான் குறைவு. கலிபோர்னியாப் புல்மேடு தென்காசி வரைக்கும் அப்படியே வந்து சேர்ந்தது அதனால்தான்.

தேர்ந்தெடுத்தவரும் தேர்ந்தெடுக்காதவரும்

இங்கே கொஞ்சம் இயந்திரத்துக்குள்ளே எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பயப்படாதீர்கள், சுருக்கமாகவே சொல்கிறேன்.

ஒரு செயலி தன் அமைப்புகளை எங்கே வைத்திருக்கிறது? நல்ல வழக்கம் என்னவென்றால் அடுக்கடுக்காக வைப்பது. 1984-ல் எம்.ஐ.டி.-யில் பிறந்த எக்ஸ் விண்டோ முறையிலேயே இது வந்துவிட்டது. செயலியை எழுதியவர் ஒரு கோப்பில் தன் விருப்பத்தை எழுதி வைப்பார். பயனர் தன் வீட்டு அடைவில் எக்ஸ்-டிஃபால்ட்ஸ் என்ற கோப்பில் தனக்கு வேண்டியதை மட்டும் எழுதி வைப்பார். இரண்டும் மோதினால் பயனர் சொன்னதுதான் செல்லும். க்னோம், கேடிஇ, விண்டோஸ் எல்லாவற்றிலும் இன்றைக்கும் ஏதோ ஒரு வடிவத்தில் இந்த அடுக்குதான்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. உங்களுக்கு நீல நிறம் வேண்டும் என்று நீங்களே தேர்ந்தெடுத்தால் உங்கள் கோப்பில் 'நீலம்' என்று பதிவாகும். இயல்பிருப்பே நீலமாக இருந்து நீங்கள் ஒன்றும் செய்யாமல் இருந்தால் உங்கள் கோப்பில் எதுவும் இருக்காது. திரையில் பார்த்தால் இருவருக்கும் ஒரே நீலம். வித்தியாசம் அடுத்த பதிப்பில்தான் தெரியும். தயாரிப்பாளர் இயல்பிருப்பைப் பச்சையாக மாற்றினால், தேர்ந்தெடுத்தவருக்கு நீலம் நிற்கும், தேர்ந்தெடுக்காதவருக்குக் காலையில் கணினியைத் திறந்ததும் பச்சை. அவரைப் பொறுத்தவரை யாரோ வீட்டுக்குள் வந்து சுவருக்கு வேறு வண்ணம் அடித்துவிட்டுப் போன மாதிரி.

இதற்கு ஊரறிந்த உதாரணம் உபுண்டு. 2010 ஏப்ரலில் வந்த 10.04 பதிப்பில், அதுவரைக்கும் இருந்த பழுப்புத் தோற்றத்தை எடுத்துவிட்டு ஊதா கலந்த புதிய தீமைக் கொண்டுவந்தார்கள். அதோடு ஜன்னலை மூடும் பொத்தான்களை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றினார்கள். அதை வலப்பக்கத்துக்கே திருப்பி வைக்க ஒரு அமைப்பு இருந்தது. இருந்தும் அவ்வளவு சண்டை. ஏனென்றால் பொத்தான் இருக்கும் இடம் கண்ணுக்குத் தெரிவதல்ல, கைக்குத் தெரிவது. 2017 அக்டோபரில் வந்த 17.10-ல் பொத்தான்கள் மறுபடி வலப்பக்கம் போயின.

அப்படியானால் எல்லாவற்றையும் பயனர் கையிலேயே கொடுத்துவிடலாமே? இதற்கும் பதில் வந்தது. 2002 ஜூனில் வெளியான க்னோம் 2, பழைய பதிப்பில் இருந்த ஏராளமான அமைப்புகளைத் தூக்கி எறிந்தது. அந்தக் காலத்தில் ஹேவக் பென்னிங்டன் எழுதிய ஒரு கட்டுரை பிரபலம். ஒவ்வொரு விருப்ப அமைப்புக்கும் ஒரு விலை உண்டு, அதைச் சோதிக்க வேண்டும், மற்ற அமைப்புகளோடு மோதாமல் பார்க்க வேண்டும், பயனர் தேடும் விஷயம் அந்தக் கூட்டத்தில் தொலைந்துபோகும் என்பது அவர் வாதம். நல்ல இயல்பிருப்பைக் கண்டுபிடிக்கச் சோம்பல்பட்டுக்கொண்டு அந்த முடிவைப் பயனர் தலையில் கட்டுகிறோம் என்று நான் அதைப் புரிந்துகொண்டேன். எதிர்ப்பும் பலமாகவே இருந்தது. 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸே க்னோமை விட்டுவிட்டு கேடிஇ-க்குப் போங்கள் என்று வெளிப்படையாக எழுதினார்.

ரொம்ப நாள் நான் டோர்வால்ட்ஸ் கட்சி. எல்லாவற்றையும் மாற்ற முடிய வேண்டும், மாற்றத் தெரியாதவர் கற்றுக்கொள்ளட்டும் என்பதுதான் என் எண்ணம். தமிழ்க் கணிமையின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. காரணம், தமிழ் அந்த 'எல்லாமே உன் விருப்பம்' உலகத்தில் ஒரு பத்து வருடம் வாழ்ந்து பார்த்த மொழி.

ஆளுக்கொரு எழுத்துரு

1990-களின் தமிழ் டெஸ்க்டாப்பை நினைத்துப் பாருங்கள். எந்தக் கணினியோடும் தமிழ் வராது. எழுத்துரு செய்யத் தெரிந்தவர்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை வைத்துச் செய்துகொண்டார்கள். 'அ' எந்த எண்ணில் இருக்க வேண்டும் என்பது அவரவர் இஷ்டம். டிடிபி கடையில் அடித்த கல்யாணப் பத்திரிகையைப் பக்கத்துக் கடைக்குக் கொண்டுபோனால் வாசிக்க முடியாது. பத்திரிகைத் தளங்களைப் படிக்க வேண்டுமானால் தளத்துக்கு ஒரு எழுத்துரு இறக்க வேண்டும். பூரண சுதந்திரம். ஆனால் ஒருவர் எழுதினது இன்னொருவருக்குப் போய்ச் சேராது.

இதை ஒழுங்குபடுத்த வெளிநாட்டுத் தமிழர்களும் உள்ளூர்க்காரர்களும் மின்னஞ்சல் குழுக்களில் விவாதித்து டிஸ்கி என்ற குறியாக்கத்தைக் கொண்டுவந்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அதே வருடம் தமிழக அரசு டாம், டாப் என்ற குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரமாக அறிவித்தது. தரம் ஒன்றுக்கு மூன்று ஆயிற்று.

இதற்கெல்லாம் முன்னாலேயே, 1991-ல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். இந்திய அரசின் 1988-ஆம் ஆண்டு இஸ்கி தரத்தை ஒட்டி அமைந்த இடம். அந்த அமைப்பு தமிழுக்குப் பொருத்தமா என்று பெரிய வாதமே நடந்தது. உயிர்மெய்க்கெல்லாம் தனித்தனி இடம் இல்லையே என்ற குறை நியாயமானதும்கூட. ஆனால் யூனிகோடுக்கு ஒரு பலம் இருந்தது. அதை யாரும் தனியாக இறக்கி நிறுவ வேண்டியதில்லை. இயங்குதளத்தோடு சேர்ந்தே வரும்.

2000-ல் வந்த விண்டோஸ் 2000-ல் தமிழுக்கு 'லதா' என்ற எழுத்துரு வந்தது. அதன் பிறகு எக்ஸ்பி. ஆக, 2001-ல் உலகமெங்கும் விற்ற எக்ஸ்பி சிடி ஒவ்வொன்றிலும் தமிழ் இருந்தது. தென்காசி பிரவுசிங் சென்டரில் ஓடிக்கொண்டிருந்ததும் அதே எக்ஸ்பிதான்.

அந்தக் கட்டம்

ஆனால் தெரியவில்லை. ஏன்?

கன்ட்ரோல் பேனலுக்குள் போய், வட்டார மொழி அமைப்புகளைத் திறந்து, 'மொழிகள்' என்ற இரண்டாவது பக்கத்துக்குப் போனால் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். சிக்கலான எழுத்துமுறைகளுக்கும் வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்குமான கோப்புகளை நிறுவவும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். 'தமிழ்' என்ற சொல்லே அந்த வரியில் கிடையாது. அந்தக் கட்டத்தில் டிக் இருக்காது. டிக் அடித்தால் 10 எம்பி இடம் வேண்டும் என்று சொல்லும். பிறகு சிடியைக் கேட்கும். பிறகு கணினியை அணைத்துத் திறக்கச் சொல்லும்.

10 எம்பி. அன்றைக்கு 40 ஜிபி வன்தட்டு சாதாரணம். அதில் 4,000-ல் ஒரு பங்கு. அதே பக்கத்தில் கீழே சீன, ஜப்பானிய, கொரிய மொழிகளுக்கு இன்னொரு கட்டம் இருந்தது, அதற்கு 230 எம்பி கேட்கும். அதை அணைத்து வைத்ததற்காவது இடம் ஒரு காரணம் எனலாம். 10 எம்பி-யை அணைத்து வைத்ததற்குக் காரணம் இடப் பற்றாக்குறை என்று என்னால் நம்ப முடியவில்லை. ஆங்கில விண்டோஸ் வாங்குபவர் ஆங்கிலம்தான் படிப்பார் என்று எங்கோ ஒரு மேசையில் யாரோ நினைத்திருக்கிறார்கள். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. தென்காசியில் ஆங்கில விண்டோஸில் தமிழ் படிக்க நினைக்கும் ஒருவர் அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அதன் விளைவு என்ன? 2003-ல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. 2004-ல் தமிழ்மணம் திரட்டி வந்தது. வலைப்பதிவுகள் யூனிகோடில் பெருகின. அவற்றில் பாதிக்குப் பாதி ஓரத்தில் ஒரு இணைப்பு இருக்கும், 'எழுத்துகள் தெரியவில்லையா?' என்று. உள்ளே போனால் அந்தக் கட்டத்துக்கு வழி சொல்லும் படங்கள். ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். எழுத்து தெரியாதவருக்கு எழுத்திலேயே வழி சொல்ல வேண்டியிருந்தது. அதனால் அந்த உதவிப் பக்கம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ் படிக்க முதல் தகுதி ஆங்கிலம், இரண்டாவது தகுதி சிடி, மூன்றாவது தகுதி கணினியில் கை வைக்கும் துணிச்சல். அண்ணாச்சியிடம் கடைசி இரண்டும் இல்லை. அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஒரு சிஸ்டம் மக்கர் பண்ணினால் அன்றைய வருமானத்தில் ஆறில் ஒரு பங்கு போச்சு.

2005 ஏப்ரல் 15 அன்று மத்திய அரசு சிடாக் மூலமாகத் தமிழ் எழுத்துருக்களும் தமிழ் முகப்பு கொண்ட அலுவலகச் செயலியும் அடங்கிய குறுவட்டை இலவசமாக வெளியிட்டது. நல்ல காரியம். எ-கலப்பை, முரசு அஞ்சல் மாதிரியான செயலிகளும் தட்டச்சுப் பிரச்சினையைத் தீர்த்தன. ஆனால் எல்லாமே கூடுதலாக ஒரு காரியம் செய்யச் சொன்னவைதான். செய்தவர்களுக்குத் தமிழ் கிடைத்தது.

2007 ஜனவரியில் விஸ்டா கடைக்கு வந்தது. மெதுவாக ஓடுகிறது என்று உலகமே திட்டிய இயங்குதளம். நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் அதில் அந்தக் கட்டம் இல்லை. சிக்கலான எழுத்துமுறைகளுக்கான ஆதரவு தானாகவே உள்ளே இருந்தது. அதன் பிறகு வந்த விண்டோஸ் 7-லும் அப்படியே. யாரும் டிக் அடிக்காமல், யாரிடமும் சிடி கேட்காமல், தமிழ் தெரிந்தது. 2010 ஜூன் 23 அன்று, கோவை செம்மொழி மாநாடு தொடங்கிய நாளில், தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. அரசாணை வருவதற்கு முன்பே அந்த முடிவு மேசைகளில் நடந்து முடிந்திருந்தது என்பேன்.

தமிழ்க் கணிமை வரலாற்றில் மாநாடுகளுக்கும் தன்னார்வலர்களுக்கும் உரிய இடம் உண்டு. அந்த வரிசையில் காணாமல் போன இந்த ஒரு கட்டத்துக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

இயல்பிருப்பின் விலை

இது தமிழுக்கு மட்டும் நடந்ததில்லை. 2003-ல் எரிக் ஜான்சன், டேனியல் கோல்ட்ஸ்டீன் இருவரும் உறுப்பு தானம் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஜெர்மனியில் தானத்துக்கு ஒப்புதல் தந்தவர்கள் 12 சதவீதம். பக்கத்திலேயே இருக்கும், அதே மொழி பேசும் ஆஸ்திரியாவில் 99.98 சதவீதம். மனசில் வித்தியாசமா? இல்லை. ஜெர்மனியில் விரும்புகிறவர் பெயர் கொடுக்க வேண்டும். ஆஸ்திரியாவில் விரும்பாதவர் பெயர் கொடுக்க வேண்டும். இரண்டு ஊரிலும் பெரும்பாலானவர்கள் ஒன்றும் செய்யவில்லை.

வியாபாரிகளுக்கு இது நன்றாகவே தெரியும். ஆப்பிளின் சஃபாரி உலாவியில் இயல்பான தேடுபொறியாக இருப்பதற்கு கூகிள் 2022-ல் மட்டும் 2,000 கோடி டாலர் கொடுத்தது என்று அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்தது. தேடுபொறியை யார் வேண்டுமானாலும் சில அழுத்தல்களில் மாற்றலாம். மாற்ற மாட்டார்கள் என்பதற்குத்தான் அந்த 2,000 கோடி.

அரசியல்வாதிகளுக்கும் தெரியும். தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அன்றைய நெல்லை மாவட்டத்துப் பள்ளிகளிலும், இன்றைய தென்காசியைச் சேர்த்துத்தான், பல வீடுகளில் முதல் கணினியே அதுதான். பெட்டியின் மேல் முதல்வரின் படம் இருந்தது. உத்தரப் பிரதேசத்தில் 2013-ல் கொடுத்த மடிக்கணினிகளில் படம் திரைக்குள்ளேயே போய்விட்டது. திறந்தவுடன் முலாயம் சிங்கும் அகிலேஷும். அந்தப் படத்தை எடுக்கப் போனால் கணினி மக்கர் செய்கிறது என்று அப்போது செய்திகள் வந்தன. இதில் தனியார் நிறுவனங்களும் சளைத்தவையல்ல. விலை குறைந்த நெட்புக்குகளுக்கென்று வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்பில் பின்புலப் படத்தை மாற்றும் வசதியையே எடுத்துவிட்டார்கள். 1984-ல் எட்டுக்கெட்டுக் கட்டத்தில் கிடைத்த உரிமை, 2009-ல் ஏழைக்கு மட்டும் கிடையாது.

இயல்பிருப்புக்கும் பூட்டுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். விஸ்டா தமிழைத் தானாகக் கொடுத்தது, வேண்டாதவரைத் தடுக்கவில்லை. ஸ்டார்ட்டர் ஒரு படத்தைக் கொடுத்து அதைப் பூட்டி வைத்தது. முதலாவது ஆற்றில் படித்துறை கட்டுவது. இறங்கவும் செய்யலாம், தாண்டிப் போகவும் செய்யலாம். இரண்டாவது கரையைச் சுற்றிச் சுவர் கட்டுவது.

இன்னும் மாறிக்கொண்டிருப்பவை

கதை விஸ்டாவோடு முடிந்துவிடவில்லை. விண்டோஸ் 7-ல் 'விஜயா' எழுத்துரு வந்தது. 2012-ல் விண்டோஸ் 8-ல் இந்திய மொழிகள் பலவற்றுக்கும் சேர்த்து 'நிர்மலா யூஐ' வந்தது. விண்டோஸ் 10-ல் லதாவும் விஜயாவும் விருப்பப்பட்டால் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் தொகுப்புக்குள் போய்விட்டன. லதாவில் பக்கம் பக்கமாக அடித்து வைத்த பழைய ஆவணத்தைப் புதுக் கணினியில் திறந்து பாருங்கள். எழுத்து தெரியும், ஆனால் அகலம் வேறு. நாலு பக்கம் அஞ்சு பக்கமாகும், அட்டவணை உடையும். எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தவர் செய்த தேர்வு அப்படியேதான் இருக்கிறது. அந்தத் தேர்வு நம்பியிருந்த பொருள்தான் காலுக்குக் கீழிருந்து நகர்ந்துவிட்டது.

லிப்ரெஆபிஸில் இன்னொரு சங்கதி. பத்தியின் பாணியில் எழுத்தளவை 14 என்று மாற்றியும் தமிழ் எழுத்து மட்டும் பழைய அளவிலேயே நிற்கிறது என்று எத்தனையோ பேர் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே ஆங்கிலம் போன்ற மொழிகளுக்கு ஒரு எழுத்துரு, தமிழ் போன்ற சிக்கலான எழுத்துமுறைகளுக்கு இன்னொரு எழுத்துரு, தனித்தனி அளவு. கீழே உள்ள இரண்டாவது பகுதியிலும் மாற்ற வேண்டும். உள்ளே இருக்கும் ஏற்பாடு நியாயமானதுதான். ஆனால் முதலில் கண்ணில் படுவது யாருக்கான பகுதி என்று பாருங்கள்.

இந்தப் பக்கத்திலிருந்து

தென்காசியிலிருந்து குற்றாலத்தைத் தாண்டி அதிக தூரமில்லாத மத்தளம்பாறை கிராமத்தில் இன்று ஸோஹோ நிறுவனத்தின் வளாகம் இருக்கிறது. தென்காசிப் பகுதியில் அவர்கள் 2011-லேயே அலுவலகம் தொடங்கிவிட்டார்கள். நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019-லிருந்து அந்தக் கிராமத்தில்தான் வசிக்கிறார். 2023-ல் அந்நிறுவனம் 'உலா' என்ற உலாவியை வெளியிட்டது. நம்மைப் பின்தொடரும் கண்காணிப்பு நிரல்களை நாம் கேட்காமலேயே தடுப்பதுதான் அதன் முக்கிய அம்சமாகச் சொல்லப்பட்டது. அதில் வேலைக்கு, குழந்தைகளுக்கு என்று தனித்தனிப் பயன்முறைகள் வேறு. ஒவ்வொன்றும் ஒரு இயல்பிருப்புக் கட்டுதான். இதை ஒரு நிறுவனத்துக்கான பாராட்டாகச் சொல்லவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. யாரோ எங்கோ எடுத்த முடிவுகள் வந்து இறங்கும் இடமாகவே இருந்தது எங்கள் பகுதி. இன்றைக்கு அதே சாரலில் நனைந்தபடி வேலைக்குப் போகும் பையன்களும் பெண்களும் உலகத்தில் வேறெங்கோ இருப்பவர்களுக்காக அந்த மாதிரி முடிவுகளை எடுக்கும் இடத்தில் இருக்கிறார்கள்.

அவர்களுக்கும், எனக்கும், இந்தத் தொழிலில் உள்ள எல்லோருக்கும் சொல்லிக்கொள்ள ஒன்றுதான் உண்டு. செட்டிங்ஸ் திரையில் ஒரு கட்டம் வைக்கும்போது, அதில் டிக் இருக்க வேண்டுமா வேண்டாமா என்று யோசிக்கும் அந்த அரை நிமிடத்தில், அதைத் திறந்தே பார்க்காத ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் சோம்பேறியும் இல்லை, முட்டாளும் இல்லை. ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்தினால் அவருக்கு நஷ்டம், அதனால்தான் கை வைக்காமல் இருக்கிறார். மாற்றத் தெரிந்தவர் எப்படியும் மாற்றிக்கொள்வார். மாற்றாதவருக்காகத்தான் நாம் முடிவெடுக்கிறோம்.

போன சீசனில் ஊருக்குப் போயிருந்தபோது அந்த மாடியைப் பார்த்தேன். பிரவுசிங் சென்டர் போய், செல்போன் கடை. கல்லாவில் இருந்த பையன் கணினியில் ஏதோ ரசீது அடித்துக்கொண்டிருந்தான். பெயரெல்லாம் தமிழில். யாரும் அவனுக்கு எந்தக் கட்டத்தையும் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார்கள். திரையின் பின்புலத்தில் ஐந்தருவி, கைபேசியில் எடுத்த படம், கொஞ்சம் கோணலாக.

"நீங்க போட்டதா தம்பி?" என்றேன்.

"ஆமாண்ணே. அதுல இருந்தது நல்லால்ல."